புரையேறாதவர்

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் நம் வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் நாலு தட்டுத் தட்டுவார். "யாரோ நினைக்கிறாங்க" என்பார். யார் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லிப் பார்க்கிற வீடுகளும் உண்டு. தலையில் தட்டுவதால் வழிதவறிய சோற்றுப் பருக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதை வெளியே தள்ளுவது இருமல்தான். கண்ணில் நீர் வர இருமி, முகம் சிவந்து, பிறகு சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை எடுக்கிறவரைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. அவருடைய காவல்காரர் விழித்திருக்கிறார்.

தண்ணீர் தவறான குழாயில் இறங்கியும் இருமாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

முதலில் உங்கள் கழுத்தையே தொட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலைத் தாடைக்கு அடியில் மெத்தென்ற இடத்தில் வையுங்கள். நடுவிரல் அதற்குச் சற்றுக் கீழே, குதிரைலாடம் போல ஓர் எலும்பு தட்டுப்படும் இடத்தில். மற்ற இரண்டு விரல்களும் குரல்வளை மேட்டின் மேல். இப்போது எச்சிலை விழுங்குங்கள். ஆள்காட்டி விரலுக்கடியில் நாக்கு இறுகும். அடுத்த கணம் எலும்பும் குரல்வளையும் சேர்ந்து மேலே ஏறி, விரல்களை உரசிவிட்டுக் கீழே வரும். விழுங்கற்சிக்கல் உள்ளவரின் படுக்கையருகே பேச்சுப் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) செய்கிற சோதனைகளில் ஒன்று இது. எத்தனை விநாடி கழித்து ஏறுகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது, பாதியில் நடுங்கி நின்றுவிடுகிறதா என்று அவருடைய நான்கு விரல்களும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஏற்றத்துக்குள் நடப்பதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும். நடந்து முடிய ஏறத்தாழ ஒரு விநாடி போதும். மென்று பக்குவமான கவளத்தை நாக்கு அண்ணத்தோடு அழுத்திப் பின்னால் தள்ளும்வரை எல்லாம் நம் கையில். அதற்குப் பிறகு மூளைத்தண்டின் ஆட்சி. மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேயும் முன்னேயும் இழுபடுகிறது. குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, அவற்றின் மேல் குரல்வளை மூடி கவிழ்கிறது. மூச்சு நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் இறுக மூடிக்கிடக்கும் உணவுக்குழாயின் வாய், முன்னால் நகர்ந்த குரல்வளையால் இழுபட்டுத் திறக்கிறது. கவளம் இறங்குகிறது. கதவுகள் பழையபடி திரும்ப, மூச்சு வெளியே வருகிறது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தசைச் சோடிகள், ஐந்து மூளை நரம்புகள், நாளைக்கு 500 தடவைக்கும் மேல். சிவகாசிக்காரருக்குச் சொல்வதானால், இது சரவெடி. திரியில் நெருப்பு ஏறிய பிறகு திருப்பிக் கூப்பிட முடியாது. வரிசை மாறவும் கூடாது.

காற்றும் சோறும் ஒரே சந்தியைக் கடந்துதான் போக வேண்டும் என்பது உடம்பின் விசித்திரமான அமைப்பு. 1859இல் வெளியான நூலில் டார்வினே இதைக் கண்டு வியந்திருக்கிறார்: நாம் விழுங்கும் ஒவ்வொரு துகளும் மூச்சுக்குழலின் வாயைத் தாண்டித்தான் போகிறது, உள்ளே விழும் ஆபத்தோடு. தமிழில் 'மிடறு' என்றால் தொண்டை, அது ஒரே தடவையில் விழுங்கும் அளவும் மிடறுதான். இடத்துக்கும் வேலைக்கும் ஒரே பெயர் வைத்தவர்களுக்கு இந்தச் சந்தியின் முக்கியம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி விருதுநகர் மாவட்டத்தில், திருத்தங்கல் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். இவர் ஒரே ஆள் அல்ல, இவரைப் போலப் பலர் இருப்பதால் பெயர் வேண்டாம். ஒரு நாள் விடியற்காலை அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஊர்ப் பேச்சில், கை கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்து பார்த்தார். மருமகளுக்குச் சந்தோஷம்.

"மாமா, ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களா?"

தலையசைத்தார். மகன் முதுகுக்குக் கை கொடுத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மருமகள் டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல், நம் வழக்கப்படி அண்ணாந்த வாயில் ஊற்றினார். பெரியவர் குடித்தார். இருமவில்லை. "நல்லா முழுங்குறாரே!" என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் களகளவென்று சத்தம். நிமோனியா.

அண்ணாந்து குடிப்பது நமக்கு நாகரிகம். எச்சில் படாது, பாத்திரம் பொதுவாக இருக்கலாம். நல்ல தொண்டைக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழலுக்குப் போகும் பாதை அகலத் திறக்கிறது. குரல்வளை மேலே ஏறி மூடிக்கொள்வது கடினமாகிறது. தண்ணீரோ எல்லா உணவிலும் வேகமானது. மூளையிலிருந்து உத்தரவு அரை விநாடி தாமதமாக வந்தால் போதும், கதவு மூடும் முன்பே தண்ணீர் உள்ளே போய்விடும்.

ஏன் இருமவில்லை? குரல்வளையின் உட்புறத் தோலில் உணர்ச்சி மங்கிவிட்டது. அந்நியப் பொருள் வந்த சேதி மூளைக்குப் போகவில்லை, போகாத சேதிக்கு இருமல் எப்படி வரும்? இதை ஓசையற்ற புரை எனலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் நாள்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அவர்களில் சிலருக்கு இந்த ஓசையற்ற புரையும் சேர்ந்துகொள்ளும். காது கூர்மையான பயிற்சியாளர் ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால், ஒரு மிடறு கொடுத்த பிறகு "ஆ சொல்லுங்க ஐயா" என்று கேட்டிருப்பார். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஈரமாக, கொழகொழவென்று வந்திருந்தால், டம்ளர் அங்கேயே கீழே இறங்கியிருக்கும்.

'பேச்சு நல்லாத்தானே இருக்கு, இவங்க எதுக்கு?' என்று ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்த்துக் கேட்கிற குடும்பங்கள் நிறைய. நியாயமான கேள்விதான். உதடு, நாக்கு, அண்ணம், குரல்நாண், மூச்சு என்று பேச்சின் கருவிகள் அத்தனையும் விழுங்கலின் கருவிகள். ஒன்றைப் படித்தவர்களிடமே மற்றதும் வந்து சேர்ந்தது. 1965இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்புக் கழகம்தான் நாட்டில் இந்தப் படிப்புக்கு முன்னோடி. இன்று விழுங்கற்சிக்கல் இந்தத் துறையின் முக்கியமான கிளை. ஆனால் பெயர்ப்பலகையில் 'பேச்சு' மட்டும் இருப்பதால், சாப்பாட்டுக்காக அவரிடம் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த மாவட்டத்துத் தொண்டைகளுக்குப் பக்கவாதத்தைத் தவிர இன்னொரு எதிரியும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இடையிலும் பிறகும் நடந்தவை பல. 'உராய்வினால் தீப்பிடித்தது' என்ற வரியும் இறந்தோர் எண்ணிக்கையும் மறுநாள் பேப்பரில் வரும். பிழைத்தவர் எத்தனை வாரம் கழித்து வாயால் சாப்பிட்டார் என்பது வராது.

சின்ன அறைக்குள் வெடிமருந்து பற்றும்போது தோல் மட்டும் வேகுவதில்லை. கொதிக்கும் காற்றும் புகையும் தொண்டைக்குள் போகின்றன. சில மணி நேரத்தில் குரல்வளை வீங்கத் தொடங்கும். வீங்கி அடைத்துக்கொள்வதற்குள் மருத்துவர்கள் வாய் வழியாக மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்திவிடுவார்கள். உயிரைக் காப்பது அந்தக் குழாய்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே நாள்கணக்கில் கிடக்கிறது. எடுக்கும்போது நாண்கள் சரியாக ஒட்டுவதில்லை, உணர்ச்சி மரத்திருக்கிறது, விழுங்கும் தசைகள் வேலையின்றி இளைத்துவிட்டன. குழாய் எடுத்த மகிழ்ச்சியில் உறவினர் ஊற்றும் முதல் தண்ணீர் நம் திருத்தங்கல் பெரியவரின் கதையைத் திரும்ப நடத்தும்.

பிறகு தழும்பின் முறை. கழுத்துத் தோல் ஆறும்போது சுருங்கி, தாடையை நெஞ்சோடு இழுத்துக் கட்டுகிறது. குரல்வளை ஏற இடமில்லை. வாயோரத் தழும்பு இறுகினால் கரண்டி நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. இதே நேரத்தில்தான் ஆறிக்கொண்டிருக்கும் உடம்பு வழக்கத்தைவிட மிக அதிகமாக உணவு கேட்கிறது. ஆகவே தீக்காயப் பிரிவில் பயிற்சியாளரின் வேலை தழும்பு முற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்: வாயை விரித்துப் பிடித்தல், கன்னத்தை நீவுதல், கழுத்தை நீட்டி வைத்தல். புதுத்தோலில் இவை வலிக்கும் பயிற்சிகள். செய்யச் சொல்கிறவருக்கும் மனசு கேட்காது.

உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது? இங்கே வேடிக்கையான ஒரு தொடர்பு இருக்கிறது. தீபாவளி ராத்திரியில் பச்சை நிறம் காட்டிய பேன்சி ரகங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பச்சை பேரியம் தந்தது. பேரியம் நைட்ரேட் நீரில் கரையும், நச்சு. உடம்புக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து தசைகள் செயலற்றுப்போகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது சிவகாசியே கலங்கியது. அதே பேரியம், சல்பேட்டாக மாறினால், கரையவே கரையாது. சுண்ணாம்புக் குழம்பு போல வெள்ளையாக, ருசியில்லாமல் இருக்கும். குடித்தால் உடம்பில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். எக்ஸ்ரே அதை ஊடுருவாது. அதைக் கஞ்சியில், தயிரில், பிஸ்கட்டில் கலந்து கொடுத்து, விழுங்குவதை ஓடும் எக்ஸ்ரே படமாக எடுக்கிறார்கள். கறுப்பும் வெளுப்புமான அந்தத் திரையில், கவளம் நாவடியில் தயங்குவதும், ஒரு நூல் போல மூச்சுக்குழலுக்குள் வழிவதும், நோயாளி ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு வருஷமே, 1896இல், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் ஒரு வாத்தின் நீண்ட கழுத்தில் பிஸ்மத் உருண்டை இறங்குவதைப் பார்த்தார். மனித விழுங்கலை இந்த முறையில் விநாடி விநாடியாகப் பிரித்துப் படித்து, பேச்சுப் பயிற்சியாளர்கள் கையில் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜெரி லோக்மன். 1988இல் சூசன் லாங்மோர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கிப் பார்க்கும் வழியை எழுதினார். எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிப் போக முடியாத நோயாளிக்கு அது படுக்கையிலேயே போதும். நம் சிறிய ஊர்களுக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். விருதுநகரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் சிக்கலான நோயாளி என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டியிருந்தது.

சரி, பெரியவருக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டாயிற்று. 1921இல் ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த குழாய், நம் ஊரில் இன்றும் அவர் பெயரோடுதான் புழங்குகிறது. இரண்டு வாரத்தில் பலருக்கு விழுங்கல் தானாகவே மீளத் தொடங்கும். மான்செஸ்டரில் ஷஹீன் ஹம்டியின் குழு 1990களில் இதற்குக் காரணம் கண்டது: விழுங்கலை மூளையின் இரண்டு பக்கமும் கவனிக்கின்றன, ஆனால் ஒரு பக்கத்துக்குப் பொறுப்பு அதிகம். அந்தப் பக்கம் அடிபட்டால், நல்ல பக்கம் மெல்ல மெல்ல வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஏற்றுக்கொள்ள அதற்கு வேலை கொடுக்க வேண்டும். பயிற்சி என்பது இதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாசகம் வரும்: "கஞ்சி மாதிரி குடுங்க." இதைவிடக் குழப்பமான மருத்துவ ஆலோசனை கிடையாது. எந்தக் கஞ்சி? நீராகாரமும் கஞ்சிதான், நொய்யரிசிக் கஞ்சியும் கஞ்சிதான். பருக்கை மிதக்கும் கஞ்சி விழுங்குவதற்கு மிகக் கஷ்டமான உணவுகளில் ஒன்று. வாயில் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முன்கூட்டித் தொண்டைக்கு ஓடிவிடும். ரசம் சோறும் அப்படியே. 'எளிதில் இறங்கும்' என்று நோயாளிக்கு நாம் ஆசையாகப் பிசைந்து கொடுப்பவை இவைதாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலக அளவில் ஓர் அளவுகோல் வந்திருக்கிறது. தண்ணீர் பூஜ்யம், சாதாரணச் சாப்பாடு ஏழு. இடையில் திரவத்தின் தடிப்பை அளக்க வேண்டியது ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு மட்டும். (0 முதல் 10 வரை உள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.) நுனியை விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து, பத்து விநாடியில் மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் கீழே என்றால் அது தண்ணீர்தான். 1 முதல் 4 வரை மிச்சமிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8க்கு மேல் மூன்றாம் நிலை. சொட்டே விழவில்லை என்றால் நான்கு. அடுப்படியில் கம்மங்கூழை ஒரு தடவை அளந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒரு எண், ஆறிய பிறகு வேறு எண் வரும். அடுப்பிலிருந்து இறக்கியதும் அளந்துவிட்டு அரை மணி கழித்து ஊட்டினால் கணக்கு தப்பும்.

எச்சிலும் கணக்கைக் கெடுக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால், ஊட்டிய கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கூழ் நீர்த்துக்கொண்டே போகும். எச்சில் படக் கூடாது என்று பாட்டிகள் கரண்டியை மாற்றியது இதற்காக அல்ல, ஆனாலும் விஞ்ஞானம் அவர்கள் பக்கம்.

திட உணவுக்கு மாவட்டத்தின் பெருமைகளே பாடம் நடத்தும். சாத்தூர் சேவு வாய்க்குள் நூறு துண்டாகச் சிதறும், அவற்றைத் திரட்டி ஒரு கவளமாக்க வலுவான நாக்கு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விருதுநகர் எண்ணெய் பரோட்டா மெல்லுகிறவரின் தாடை பலத்தைக் கேட்கும். மூன்றும் பெரியவருக்கு இப்போதைக்கு இல்லை. கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தினால் நசுங்கி, விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பாத உணவுதான் மென்மையான உணவு.

தடித்த திரவமே தீர்வு என்று நினைத்துவிடவும் கூடாது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மறதிநோயோ பார்கின்சனோ உள்ள 515 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். தாடையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தவர்களுக்கும், தடித்த திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. உடம்பில் நீர் வற்றியது முன்னவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு, பின்னவர்களில் 6 பேருக்கு. காரணம் எளிது, கூழைத் தண்ணீராக யாரும் ஆசைப்பட்டுக் குடிப்பதில்லை. கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் அல்ல.

நுரையீரலைக் கெடுப்பது தண்ணீரைவிட அதிகமாக வாயின் அழுக்கு. லாங்மோர் 1998இல் முதியவர்களிடையே நடத்திய ஆய்வில், நிமோனியாவை முன்னறிவித்தவற்றில் முதலிடத்தில் இருந்தவை, பிறர் கையால் ஊட்டப்படுவது, தானே வாய் சுத்தம் செய்ய முடியாமை, சொத்தைப் பற்கள். 'வாயால் சாப்பிடலையே, எதுக்குப் பல் விளக்கணும்?' என்று டியூப் போட்டவரை விட்டுவிடுகிறோம். அவருக்குத்தான் இரண்டு வேளையும் விளக்க வேண்டும்.

பயிற்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, முகத்தைத் திருப்புதல். தொண்டையின் ஒரு பாதி பலவீனம் என்றால், பலவீனமான பக்கம் திரும்பி விழுங்க வேண்டும். முதல் முறை கேட்பவர் யாரும் நல்ல பக்கம் என்றுதான் நினைப்பார்கள். திரும்பும் பக்கத்தின் வழி நசுங்கி மூடிக்கொள்கிறது, உணவு நல்ல பக்கமாகப் போகிறது. இன்னொன்று ரெசா ஷேக்கரின் பெயரால் அழைக்கப்படுவது. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள் தரையை விட்டு எழாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே, மூன்று தடவை. பிறகு முப்பது தடவை தூக்கி இறக்க வேண்டும். இப்படி நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். குரல்வளையை முன்னே இழுக்கும் தசைகள் வலுத்து, உணவுக்குழாயின் வாய் அகலமாகத் திறக்கும். செய்து பாருங்கள், இருபது விநாடியிலேயே கழுத்து நடுங்கும். தாடையைத் தாழ்த்துவதோ, தலையைத் தூக்குவதோ எல்லோருக்கும் பொருந்தாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். சோதித்துப் பார்த்தவர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஏழாவது வாரம் பெரியவர் மருமகளிடம் கேட்டது சோறு இல்லை. "டீ போடு" என்றார். டீ பூஜ்யத்தில் இருப்பது, தண்ணீரைப் போலவே ஓடக்கூடியது. வாரம் ஒரு முறை வரும் பயிற்சியாளரிடம் விஷயம் போயிற்று. அவர் முதலில் பல் விளக்கச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி நேராக உட்கார வைத்தார். டீ வெதுவெதுப்பாக ஆறும்வரை காத்திருந்தார். டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கரண்டியை எடுத்தார்.

"ஐயா, அண்ணாந்துறாதீங்க. குனிஞ்சு நெஞ்சப் பாருங்க. இப்ப முழுங்குங்க."

நான்கு விரல்கள் கழுத்தில். குரல்வளை ஏறியது, இறங்கியது.

"ஆ சொல்லுங்க."

குரல் சுத்தமாக வந்தது. இரண்டாவது கரண்டியில் பெரியவருக்குப் புரையேறி, கண்ணில் நீர் வர இருமினார். மருமகள் பதறிக்கொண்டு அவர் தலையில் தட்டக் கையை ஓங்கினார். பயிற்சியாளர் அந்தக் கையைத் தடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இருமட்டும்மா, நல்லா இருமட்டும்."

சிறிது நேரம் கழித்து மூன்றாவது கரண்டி.